வேட்டைக்குப் போலாமா பாஸ்?

ஞாயித்துக்கிழமைன்னா காலையில தூக்கம், மதியம் பிரியாணி, சாயங்காலம் ஒரு படம். இதைத் தாண்டி உங்க லிஸ்ட்ல ஏதாச்சும் இருக்கா? ‘மதுரையைச் சுத்தி என்னப்பா இருக்கு, வெறும் பொட்டல்’னு சலிச்சுக்கிற ஆளா? அப்ப இது உங்களுக்குத்தான்!

அந்தப் பொட்டல்தான் ஒரு காலத்துல ஊருக்கே பொதுவான வேட்டைக்காடு. மாசி சிவராத்திரியை ஒட்டி ஊரே கிளம்பி முயல் பிடிக்கிற ‘பாரி வேட்டை’, நம்ம பக்கத்துக் கிராமங்கள்ல வழிவழியா வந்த பழக்கம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்னிக்கு முயலைத் தொட்டாலும் கேஸ்தான். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘சும்மா ஜாலிக்குப் போனோம் சார்’னு சொன்னா வனத்துறையில எடுபடாது. அதை செல்போன்ல வீடியோ வேற எடுத்து வெச்சிருந்தீங்கன்னா, சாட்சியும் நீங்களே!

அமெரிக்காவுல கதையே வேற. அங்கே அரசு நிலத்துலயே லைசென்ஸ் வாங்கி வேட்டையாடலாம். 1937-ல் வந்த சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மேல போடுற வரி, வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகுது. அதே காட்டுல பறவை பார்க்கிறவங்களும் நடக்கிறாங்க... சீசன் சமயத்துல ஆரஞ்சு கலர் சட்டை மாட்டிக்கிட்டு!

இங்கே அந்த வரியும் கிடையாது, வேட்டையும் கிடையாது. அப்ப நம்ம பொட்டலுக்கு யார் காவல்? போய்ப் பார்க்கிறவங்கதான்.

மேலூர் பக்கம் அரிட்டாபட்டியையே எடுத்துக்கங்க. ஏழு குன்றுகள், சமணர் படுக்கை, தமிழ் பிராமிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில். லகுடு, ஷாகீன் வல்லூறு, ராசாளின்னு சுமார் 250 வகைப் பறவைகள். போதாக்குறைக்கு தேவாங்கு, எறும்புத்தின்னி. இப்படி ஒவ்வொண்ணாப் பதிவாகியிருந்ததாலதான், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா 193 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டது. இரண்டே வருஷத்துல, 2024 நவம்பரில், அந்த இடத்தையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம்! ஊர் ஊரா ஜனங்க திரண்டாங்க. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செஞ்சது. அதுக்குச் சொன்ன காரணத்துல பல்லுயிர்த் தலமும் இருந்தது. பறவை லிஸ்ட்டுக்கு எவ்ளோ பவர் பார்த்தீங்களா?

சரி, கிளம்பலாமா? காலை ஆறு மணிக்கு அங்கே இருங்க. ஸ்பீக்கர் வேணாம், பளபள சட்டை வேணாம். தண்ணி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வந்துடுங்க. பாறையில கூடு கண்டா ஏறாதீங்க, அந்த இடத்தை ஸ்டேட்டஸ்லயும் போடாதீங்க. டீக்கடைப் பெரியவர்கிட்ட பேச்சுக் கொடுங்க. அந்தக் கால வேட்டைக்காரருக்குத் தெரிஞ்ச தடம் எந்தப் புத்தகத்துலயும் கிடைக்காது.

பார்த்த பறவையை ‘இ-பேர்ட்’ல பதிவு பண்ணுங்க. 2015-லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்க பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. 15 நிமிஷம் நின்னு எண்ணினாலே போதும். மொட்டை மாடியும் ஓகே, காலேஜ் கிரவுண்டும் ஓகே.

உங்க ஊர்க் கண்மாய்க்கு இப்படி ஒரு லிஸ்ட் இருக்கா? இல்லைன்னா முதல் பேரை நீங்க எழுதுங்க!