மாடி எடுக்க முடியாத வீடா புது மேக் ப்ரோ? - ஏழு லட்ச ரூபாய் கம்ப்யூட்டரும், தொழில்முறைக் கலைஞர்களின் ஆதங்கமும்!

ஜூன் 5, 2023. அமெரிக்காவின் கூப்பர்டினோவில் ஆப்பிள் நிறுவனத்தின் வருடாந்திர டெவலப்பர் மாநாடு நடந்தது. கண்ணில் மாட்டிக்கொள்ளும் 'விஷன் ப்ரோ' கருவியைப் பற்றித்தான் அன்று உலகமே பேசியது. ஆனால் சினிமா எடிட்டர்கள், இசையமைப்பாளர்கள், சவுண்ட் இன்ஜினீயர்கள், 3டி கலைஞர்கள் எனக் கம்ப்யூட்டரை நம்பிப் பிழைக்கும் ஒரு கூட்டம், அதே நிகழ்ச்சியில் அறிமுகமான இன்னொரு பொருளைப் பற்றித்தான் காரசாரமாக விவாதித்தது.

அதுதான் அன்றைய புது 'மேக் ப்ரோ'. மேஜைக்கு அடியில் வைக்கும் பெரிய டவர் கம்ப்யூட்டர். 2023-ல் அதன் தொடக்க விலை 6,999 டாலர். இந்தியாவில் 7,29,900 ரூபாய். மானிட்டர் தனி!

'ஒரு கம்ப்யூட்டருக்கு இவ்வளவு விலையா?' என்பதுதான் சண்டை என்று நினைத்தால், அதுதான் இல்லை. இந்த இயந்திரத்தை வைத்துச் சம்பாதிப்பவர்களுக்கு விலை இரண்டாவது கேள்விதான். 'நாளைக்கு வேலை பெருத்தால், இந்தப் பெட்டியைத் திறந்து நான் என்ன சேர்க்க முடியும்?' என்பதே அவர்களின் முதல் கேள்வி.

அண்ணன் தம்பிக்கு ஒரே மூளை!

அதே நாளில் ஆப்பிள் 'மேக் ஸ்டூடியோ' என்ற சின்னப் பெட்டியின் புதிய மாடலையும் அறிவித்தது. டிபன் பாக்ஸ் போல மேஜை மேலேயே உட்கார்ந்துகொள்ளும். இரண்டுக்குள்ளும் இருந்தது அதே 'எம்2 அல்ட்ரா' சிப். அதே 24 கோர் பிராசஸர், அதே 64 ஜி.பி. மெமரி, அதே 1 டி.பி. ஸ்டோரேஜ். அன்று இந்த சிப்போடு மேக் ஸ்டூடியோவின் விலை 3,999 டாலர். மேக் ப்ரோ 6,999 டாலர்.

அப்படியென்றால் கூடுதலாகக் கொடுக்கும் 3,000 டாலர் எதற்கு? முக்கியமாக, உள்ளே இருக்கும் ஏழு பி.சி.ஐ. ஸ்லாட்களுக்கு. தனி கார்டுகளைச் செருகிக் கம்ப்யூட்டரின் திறனை வளர்த்துக்கொள்ள உதவும் இடங்கள் அவை. ஒன்றில் கம்பெனியே ஒரு கார்டு செருகித்தான் தந்தது. மீதி ஆறும் காலி.

விவாதம் சூடு பிடித்தது இங்கேதான். காலியாக இருக்கும் அந்த ஆறு ஸ்லாட்களில் கிராபிக்ஸ் கார்டு செருக முடியாது. செருகினாலும் வேலை செய்யாது. மெமரியும் பின்னால் கூட்ட முடியாது. வாங்கும்போது எவ்வளவோ, கடைசி வரை அவ்வளவுதான்.

கம்பி நீட்டிய வீடு

நம் ஊரில் கீழ்த்தளம் மட்டும் கட்டுபவர்கள்கூட, தூண் கம்பிகளை மொட்டை மாடிக்கு மேலே நீட்டி விட்டுவைப்பார்கள். இப்போது காசு இல்லை. பிள்ளைகள் தலையெடுத்ததும் மாடி எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. டவர் கம்ப்யூட்டர் வாங்குபவர்களின் கணக்கும் அதுதான். இன்று 32 ஜி.பி. மெமரியோடு வாங்குவது, பெரிய படம் கையில் வந்தால் 128 ஆக்குவது. இரண்டு வருடம் கழித்து நல்ல கிராபிக்ஸ் கார்டு வந்தால் பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டுவது.

2019-ல் வந்த முந்தைய மேக் ப்ரோ அப்படிப்பட்ட வீடுதான். இன்டெல் சிப், எட்டு ஸ்லாட்கள், 1.5 டி.பி. வரை மெமரி. புதியதில் அதிகபட்சமே 192 ஜி.பி.தான். அதாவது, பழையதில் எட்டில் ஒரு பங்கு! 

இதற்கு ஆப்பிள் தரப்பில் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. அவர்களின் புது சிப்பில் பிராசஸர், கிராபிக்ஸ் இரண்டும் ஒரே மெமரியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அந்த மெமரி சிப்போடு ஒட்டியே பொருத்தப்படுகிறது. அதனால்தான் வேகம், அதனால்தான் மின்சாரச் செலவும் சூடும் குறைவு. அதே காரணத்தால்தான் அதைக் கழற்றி மாட்டவும் முடியவில்லை. ஆக, கம்பியை வெட்டிவிட்டுத்தான் இந்த வேகத்தை வாங்கியிருக்கிறார்கள்.

சூடு பட்ட கைகள்

'பிடிக்காவிட்டால் வாங்காமல் இருக்கலாமே, ஏன் இவ்வளவு கோபம்?' என்று கேட்கலாம். அதற்குப் பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

2011-ல் ஆப்பிள் தன் எடிட்டிங் மென்பொருளான 'ஃபைனல் கட் ப்ரோ'வை அடியோடு மாற்றி எழுதி வெளியிட்டது. பழைய மென்பொருளில் எடிட் செய்த வேலைகளைப் புதியதில் திறக்கவே முடியவில்லை. பாதி வேலையில் இருந்த எடிட்டர்கள் தலையில் கைவைத்தார்கள். அப்போதே பலர் வேறு மென்பொருளுக்கு மாறினார்கள்.

2013-ல் வந்த மேக் ப்ரோ, உருளை வடிவில் கறுப்பாகப் பளபளத்தது. 'குப்பைத்தொட்டி' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அழகுதான். ஆனால் உள்ளே ஸ்லாட் கிடையாது. இரண்டு நடுத்தர கிராபிக்ஸ் கார்டுகளுக்கு ஏற்ற மாதிரி வடிவமைத்திருந்தார்கள். உலகமோ ஒரே ஒரு பெரிய கார்டு என்ற திசையில் போனது. அந்த உருளைக்குள் அவ்வளவு சூட்டைத் தாங்கும் இடம் இல்லை. 2017-ல் ஆப்பிள் உயரதிகாரிகளே சில பத்திரிகையாளர்களை அழைத்து, வடிவமைப்பில் தாங்களே ஒரு மூலைக்குள் மாட்டிக்கொண்டதை ஒப்புக்கொண்டார்கள். வெளிப்படையாக அப்படிப் பேசுவது அந்த நிறுவனத்தின் வழக்கமே அல்ல.

அந்த வாக்குறுதியின் பலன்தான் 2019 டவர். அதன் மானிட்டருக்கான ஸ்டாண்டின் விலை மட்டும் 999 டாலர் என்று அறிவித்தபோது அரங்கமே முணுமுணுத்தது. என்றாலும் 'நம்ம பேச்சைக் கேட்டிருக்காங்க' என்று தொழில்முறைக் கலைஞர்கள் மகிழ்ந்தார்கள். அந்த டவர் 2019 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. ஆறே மாதத்தில், 2020 ஜூனில், இன்டெல்லைக் கைவிட்டு சொந்த சிப்புக்கு மாறப்போவதாக ஆப்பிள் அறிவித்தது.

வீடியோ வேலைக்கென்றே 2,000 டாலருக்கு 'ஆஃப்டர்பர்னர்' என்றொரு கார்டை அந்த டவருக்காக விற்றார்கள். 2023-ல் புது மேக் ப்ரோவை அறிமுகப்படுத்தியபோது, அப்படிப்பட்ட ஏழு கார்டுகளின் திறன் சிப்புக்குள்ளேயே இருக்கிறது என்றார்கள். புதிதாக வாங்குபவருக்கு அது இனிப்பான செய்தி. அன்று கார்டு வாங்கியவருக்கு எப்படி இருக்கும்?

யாருக்கு லாபம்?

விவாதத்தின் மறுபக்கத்தில் இருப்பவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது.

ரெக்கார்டிங் ஸ்டூடியோக்களுக்கு கிராபிக்ஸ் கார்டு பெரிதாகத் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒலிக்கான கார்டுகள். சினிமா எடிட்டிங் கூடங்களுக்கு, கேமராவிலிருந்தும் தொலைக்காட்சிக் கருவிகளிலிருந்தும் வீடியோவை வாங்கித் தரும் கார்டுகள், அதிவேக ஸ்டோரேஜ், நெட்வொர்க் கார்டுகள். இவை எல்லாவற்றுக்கும் அந்த ஆறு ஸ்லாட்கள் பயன்படும். மேக் ஸ்டூடியோ வாங்கினால் இதற்கெல்லாம் தனிப் பெட்டி, தனி வயர், தனி பவர் என்று மேஜை நிறைந்துவிடும், வேகமும் குறையும்.

'3,000 டாலரை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 50 டாலர். நேரடி ஒளிபரப்பு நடுவே ஒரு வயர் கழன்றால் ஆகும் நஷ்டத்துக்கு முன் அது எம்மாத்திரம்?' என்பது இவர்களின் கணக்கு.

192 ஜி.பி. மெமரியிலும் ஒரு சாதகம் உண்டு. அது கிராபிக்ஸ் வேலைக்கும் சேர்த்துத்தான். 'என்விடியா'வின் புகழ்பெற்ற 'ஆர்.டி.எக்ஸ் 4090' கார்டில்கூட இருப்பது 24 ஜி.பி.தான்.

யாருக்கு நஷ்டம்?

கஷ்டம் 3டி அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், செயற்கை நுண்ணறிவு வேலை செய்பவர்களுக்கு. இவர்களுக்கு வேலை ஓடுவதே கிராபிக்ஸ் கார்டில்தான். இந்தத் துறையின் பல மென்பொருள்கள் என்விடியா கார்டுகளை மையமாக வைத்தே வளர்ந்தவை. ஒரு கார்டு போதாவிட்டால் இன்னொன்றைச் சேர்ப்பார்கள். ஒரு காட்சி ரெண்டர் ஆக இரவு முழுக்க ஆகுமா, இரண்டு மணி நேரத்தில் முடியுமா என்பதில்தான் அவர்களின் டெட்லைனும் வருமானமும் இருக்கின்றன.

ஹெச்.பி., டெல், லெனோவோ நிறுவனங்களின் பெரிய டவர்களில் இதெல்லாம் சாதாரணமாகச் செய்யலாம். 'அப்போ விண்டோஸுக்கே போய்விடலாமே?' என்பது சொல்வதற்கு எளிது. பல வருடம் கைபழகிய ஷார்ட்கட்கள், வாங்கிக் குவித்த மென்பொருள்கள், பழகிய உதவியாளர்கள், பழைய புராஜெக்ட் ஃபைல்கள் என எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வீடு மாறுவது போன்றது அது. 2011-லேயே கிளம்பியவர்கள் கிளம்பிவிட்டார்கள். அப்போதும் போகாமல் காத்திருந்தவர்களுக்குத்தான் 2023-ல் ஆதங்கம் அதிகம்.

நமக்கு என்ன?

ஏழு லட்ச ரூபாய் கம்ப்யூட்டர் நம்மில் பெரும்பாலோர் வாங்கப்போவதில்லை. ஆனால் இந்த விவாதத்தின் மையக்கேள்வி நம் வீட்டுக்கும் பொருந்தும். இன்று கடைகளில் கிடைக்கும் மெல்லிய லேப்டாப்களில் பலவற்றில் மெமரியை போர்டோடு சேர்த்தே ஒட்டிவிடுகிறார்கள். பிள்ளையின் காலேஜ் படிப்புக்கு 8 ஜி.பி. போதும் என்று வாங்கினால், மூன்றாம் வருடம் புராஜெக்ட் செய்யும்போது 16 ஆக்க வழி இருக்காது.

எனவே கடைக்காரரிடம் விலையையும் ஆஃபரையும் கேட்கும்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: "இதுல பின்னாடி மெமரி கூட்டிக்கலாமா?" முடியாது என்றால், நான்கு வருடத்துக்கு எவ்வளவு தேவைப்படும் என்று யோசித்து, முதலிலேயே அந்த அளவுக்கு வாங்கிவிடுவது நல்லது. மாடி எடுக்க முடியாத வீடு என்று தெரிந்தால், அறைகளை முதலிலேயே கணக்குப் போட்டுத்தானே கட்டுவோம்!