கூலி என்னும் சொல்

தமிழிலிருந்து பிறமொழிகட்குச் சென்ற சொற்களுள் 'கூலி' என்பதைப்போல் உலகெங்கும் பரவியனவும், அங்ஙனம் பரவியபோது பொருளில் இழிந்தனவும் மிகச் சிலவே.

தமிழில் இச்சொல் உழைப்பிற்கு ஈடாகக் கொடுக்கப்படுவதைக் குறிக்கும். திருக்குறளின் 619ஆம் பாவில், ஊழ் கைகொடாதவிடத்தும் மெய்வருந்தி முயல்வார்க்கு வாய்க்கும் பயனை வள்ளுவர் இச்சொல்லாற் சுட்டுகின்றார். மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் இது வழங்குகின்றது. பரோ, எமனோ என்னும் அறிஞர் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் இதனைக் கொண்டுள்ளது. சிங்களத்திற் 'குலிய' என்பது வாடகை. வீட்டு வாடகை 'கெவல் குலிய' எனப்படும். ஆளைக் குறிக்க வேண்டின், தமிழர் 'கூலியாள்' என்றும் சிங்களவர் 'குலீகாரயா' என்றும் மற்றோர் உறுப்பைச் சேர்ப்பது மரபு.

ஐரோப்பியர் வாயில் அவ்வுறுப்பு உதிர்ந்தது. ஊதியத்தின் பெயர் உழைப்பவனுக்கே பெயராயிற்று. குஜராத்துக் கோலி மக்களின் பெயரினின்றே ஆங்கிலச் சொல் பிறந்தது என்பாரும் உளர். ஒத்த ஒலியுடைய அவ்விரு சொற்களும் கலந்தன எனக் கொள்ளுதல் பொருந்தும். சீனர் இதனைக் 'கசப்பு', 'வலிமை' என்னும் பொருளுடைய இரு எழுத்துக்களால் எழுதினர். டச்சு ஆட்சியிலிருந்த சுமாத்திராவிலோ, 1880ஆம் ஆண்டின் கூலிச் சட்டம் ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைத் தண்டிக்கவும் இடமளித்தது.

கண்டி மலைநாட்டில் 1820களிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து தமிழகத் தொழிலாளர் மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்தனர். திகனவைச் சூழ்ந்த தும்பறைப் பள்ளத்தாக்கிலும் கோப்பியும் கொக்கோவும் பயிராயின. தோட்டத்து ஆங்கிலத்தில் உழைப்போர் 'கூலி' எனவும், அவர்தம் வரிசைக் குடில்கள் 'கூலி லயின்' எனவும் பெயர் பெற்றன. 'லயின்' என்பதே மலையகத் தமிழில் 'லயம்' ஆயிற்று. இங்ஙனம், கடல் கடந்து சென்ற சொல் வசையாகித் தமிழரிடமே மீண்டது.

பெயரின் இழிவு உரிமையின் இழப்போடு இணைந்தே நின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. நாட்சம்பளம் 1000 ரூபாவாக வேண்டும் எனப் பல்லாண்டு போராடிய பின், 2021இல் அத்தொகை வர்த்தமானியில் வெளியாயிற்று. மெய்வருத்தத்திற்குரிய பயனைக் கேட்டு எழுந்த அப்போராட்டத்திலே, கூலி என்னும் சொல்லின் பழம்பொருள் விளங்கக் காணலாம்.