பாரிசவாதத்திற்குப் பின் நடை: டிரெட்மில் பயிற்சி தருவது என்ன?

பாரிசவாதத்தால் படுக்கையில் விழுந்து, வைத்திய உதவியால் உயிர் பிழைத்து, பேச்சும் நினைவும் ஓரளவு தெளிந்த ஒருவருடைய மனத்தில் மற்றெல்லாக் கவலைகளையும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழும் கேள்வி, இனிப் பிறர் துணையின்றி நடப்பேனா என்பதேயாகும். அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியில், உடல் இளைப்பதற்காகச் செல்லும் உடற்பயிற்சிக் கூடங்களில் நாம் காண்கிற டிரெட்மில் என்னும் ஓடும் பட்டை, கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சிகிச்சைச் சாதனமாகவும் பயன்பட்டு வருகிறது. அது யாருக்கு உதவுகிறது, எவ்வளவு உதவுகிறது, அதனால் ஆகாதது எது என்பவற்றை நிதானமாக அறிந்துகொள்வது நோயாளிக்கும் அவர் குடும்பத்தாருக்கும் மிகுந்த பிரயோஜனம் தருவது. ஏனெனில் இவ்விஷயத்தில் அளவுகடந்த நம்பிக்கையும் தீங்கு செய்யும், காரணமற்ற அவநம்பிக்கையும் தீங்கு செய்யும்.

நடை ஏன் குலைகிறது?

மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி நசிந்துபோவதே பாரிசவாதம். மூளையின் இடப்பாகம் உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாகம் இடப்பக்கத்தையும் ஆள்வதால், ஒரு பக்கத்துக் கையும் காலும் ஒருசேரப் பலமிழக்கின்றன. நாள் செல்லச் செல்லக் காலில் சிறிது சக்தி திரும்பினாலும், முழங்கால் மடங்காமல் விறைப்பதும், முன்பாதம் தொங்கித் தரையில் இழுபடுவதும், அதனால் இடுப்பை உயர்த்திக் காலை அரைவட்டமாகச் சுழற்றி வைப்பதும், சரீரத்தின் பாரம் முழுவதையும் நல்ல காலின்மேலேயே சுமத்துவதும் பலருக்கு நிலைத்த வழக்கமாகிவிடுகின்றன.

இத்தகைய நடையின் தரத்தை மதிப்பிட வேகமே எளிய அளவுகோல். கலிபோர்னியாவில் ஜாக்குலின் பெர்ரி என்ற வைத்திய அம்மையாரும் அவர் குழுவினரும் 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, வினாடிக்கு 0.4 மீட்டருக்கும் குறைவாக நடப்பவர் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறார், 0.4 முதல் 0.8 மீட்டர் வரை நடப்பவர் வெளியில் ஓரளவு சென்று வருகிறார், 0.8 மீட்டரைத் தாண்டியவரே தெருவிலும் கடைவீதியிலும் தாராளமாக உலவ வல்லவர். ஆகையால் வேகத்தில் கிடைக்கும் முன்னேற்றம் ஒருவருடைய வாழ்க்கையின் எல்லையையே விரிவாக்கிவிடக் கூடும்.

பூனைகளிடம் பிறந்த யோசனை

கிரஹாம் பிரௌன் என்ற உடலியல் அறிஞர் 1911-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூளையின் கட்டளையிலிருந்து துண்டிக்கப்பட்ட பூனையின் முதுகுத்தண்டு, தானாகவே காலை மடக்கும் தசைகளையும் நீட்டும் தசைகளையும் மாறி மாறி இயக்க வல்லது என்பதைக் காட்டினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹியூக் பார்போ, செர்ஜ் ரோசிஞோல் என்ற இரு ஆராய்ச்சியாளர், முதுகுத்தண்டு துண்டிக்கப்பட்ட வளர்ந்த பூனைகளை ஓடும் பட்டையின்மேல் தாங்கிப் பிடித்துப் பழக்கியபோது, அவற்றின் பின்னங்கால்கள் மீண்டும் அடியெடுத்து வைக்கத் தொடங்கின. இந்த ஆராய்ச்சி 1987-இல் வெளிவந்தது. மனிதனுடைய நடை பூனையின் நடையைக் காட்டிலும் மூளையை மிக அதிகமாகச் சார்ந்திருப்பது உண்மையே. ஆயினும் காலுக்கு மறுபடி மறுபடி சரியான அநுபவத்தைக் கொடுத்தால் நரம்பு மண்டலம் அதைக் கற்றுக்கொள்ளும் என்ற கருத்து சிகிச்சையாளர்களைக் கவர்ந்தது.

அக்காலத்தில், லண்டனைச் சேர்ந்த பெர்த்தா போபாத் அம்மையாரின் முறையைத் தழுவிய பலர், தசைகளின் விறைப்பைத் தணித்து, நிற்பதிலும் சமநிலையிலும் நோயாளியைப் பண்படுத்திய பின்னரே நடக்க விடுவது நலம் என்று கருதி வந்தனர். நடையைக் கற்பதற்கு நடப்பதே தலைசிறந்த அப்யாசம் என்ற புதிய கொள்கைக்கு டிரெட்மில் வாகனமாக அமைந்தது.

பட்டையின்மேல் நடப்பது என்ன?

நோயாளியின் இடுப்பிலும் மார்பிலும் கவசம்போல ஒரு வார்ப்பட்டை கட்டப்பட்டு, மேலேயுள்ள சட்டத்திலிருந்து தொங்கும் கயிற்றோடு இணைக்கப்படுகிறது. அது அவர் விழாமல் காப்பதோடு, அவர் எடையில் ஒரு பகுதியையும் ஏற்றுக்கொள்கிறது. தொடக்கத்தில் நாற்பது சதவிகிதம் வரையில் எடையைத் தாங்கி, கால்கள் பலம்பெறப் பெற அந்தத் தாங்கலைப் படிப்படியாகக் குறைப்பது வழக்கம். ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் அமர்ந்து, வாதமுற்ற பாதத்தைப் பிடித்துச் சரியாக எடுத்து வைக்க உதவுகிறார். தேவையானால் மற்றொருவர் பின்னால் நின்று இடுப்பை நிலைப்படுத்துகிறார்.

பட்டை பின்னோக்கி ஓடுகையில் தரையில் ஊன்றிய கால் அதனுடன் பின்னே இழுக்கப்பட்டு இடுப்புமூட்டு நன்கு நீள்கிறது. அவ்வாறு நீண்டு, பாரமும் மற்றக் காலுக்கு மாறும் தருணமே, பின்னுள்ள கால் முன்னே வீசி எழுவதற்கு உடல் இயல்பாகக் கொடுக்கும் சமிக்ஞையாகும். எண்ணிக்கையிலும் ஒரு லாபம் உண்டு. அமெரிக்க, கனடியச் சிகிச்சை நிலையங்களைப் பார்வையிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, நடை பழகும் ஒரு வேளையில் நோயாளி எடுத்துவைத்த அடிகள் சராசரியாக 357 மட்டுமே என்று கண்டது; பெர்லினில் இம்முறையை வளர்த்த ஸ்டெஃபான் ஹெசெயோ, இருபது நிமிஷ நேரத்தில் ஆயிரம் அடிகள் வரையில் எடுக்கலாம் என்று எழுதினார்.

1998-ஆம் ஆண்டில் மாண்ட்ரியல் ஆராய்ச்சியாளர் நூறு நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை எடைத்தாங்கலோடும் மற்றவரைத் தாங்கலின்றியும் பட்டையின்மேல் ஆறு வாரம் பழக்கினர். தாங்கலோடு பழகியவர்களே சமநிலையிலும் வேகத்திலும் மிகுதியாக முன்னேறினார்கள். இச்செய்தி உலகெங்கும் உற்சாகத்தை எழுப்பியது.

பெரும் பரிசோதனையின் தீர்ப்பு

அந்த உற்சாகத்தைப் பரீட்சித்துப் பார்க்கக் கலிபோர்னியா, புளோரிடா மாநிலங்களில் பமேலா டங்கன் அம்மையாரின் தலைமையில் நடந்த லீப்ஸ் என்ற ஆராய்ச்சி 2011-இல் தன் முடிவுகளை வெளியிட்டது. 408 நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவினர் நோய் கண்டு இரண்டு மாதத்திலும், இரண்டாம் குழுவினர் ஆறு மாதத்திலும் எடைத்தாங்கலுடன் டிரெட்மில் பயிற்சி பெற்றனர். மூன்றாம் குழுவினருக்கு இரண்டு மாதத்திலிருந்தே ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே சென்று, தசைபலத்தையும் சமநிலையையும் வளர்க்கும் எளிய பயிற்சிகளைக் கற்பித்தார். எல்லாருக்கும் 36 வேளைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்.

ஓராண்டு கழிந்தபோது மொத்தத்தில் 52 சதவிகிதத்தினர் தம் நடைத்திறனில் ஒரு படி உயர்ந்திருந்தனர். மூன்று குழுவினரிடையேயும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. விலையுயர்ந்த சாதனமும் பல உதவியாளரும் சேர்ந்து சாதித்ததை, ஒரு சிகிச்சையாளரும் ஒரு வீட்டு முற்றமும் சாதித்துவிட்டன. பயிற்சியை இடையில் கைவிட்டவர்களும் வீட்டுக் குழுவிலேயே மிகக் குறைவு. மேலும், ஆரம்பத்தில் நடை மிகவும் குன்றியிருந்து, இரண்டு மாதத்திலேயே டிரெட்மில் பயிற்சி பெற்றவர்கள் பலமுறை விழுவது மற்றவரைவிட அதிகமாயிருந்தது; இது எச்சரிக்கைக்குரியது.

இந்த ஆராய்ச்சியில் என் மனத்தை மிகவும் தொட்டது வேறொன்று. இரண்டாம் குழுவினர் பயிற்சி தொடங்குமுன், ஆறு மாதம்வரை சாதாரண சிகிச்சை மட்டும் பெற்றிருந்தபோது, அவர்களுடைய வேகம் மற்றக் குழுவினர் அடைந்ததில் ஏறக்குறையப் பாதியளவே உயர்ந்திருந்தது. பயிற்சி தொடங்கிய பின்னரோ அவர்கள் ஆண்டின் முடிவில் மற்றவரை எட்டிப் பிடித்துவிட்டனர். ஆறு மாதத்துக்குள் வராதது இனி வராது என்று நோயாளியிடம் சொல்லப்படும் வார்த்தை எவ்வளவு கொடியது, எவ்வளவு ஆதாரமற்றது என்பதை இது புலப்படுத்துகிறது.

யாருக்கு உகந்தது?

அதுவரை நடந்த 56 பரிசோதனைகளையும் அவற்றில் பங்குபெற்ற 3,105 பேரையும் சேர்த்துப் பார்த்து 2017-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வும் இதே திசையில் செல்கிறது. பிறர் உதவியின்றி நடக்க இயலாதவர், டிரெட்மில் பழகுவதனாலேயே தனித்து நடக்கும் வாய்ப்பை அதிகமாகப் பெறுவதில்லை. ஏற்கெனவே ஓரளவு நடக்கக் கூடியவர்களோ வேகத்திலும், களைப்பின்றிச் செல்லும் தூரத்திலும் நற்பலன் பெறுகிறார்கள்; அப்பலன் பெரியதன்று, எனினும் மெய்யானது.

இதயத்துக்கும் இதனால் நன்மை உண்டு. ரிச்சர்ட் மாக்கோவின் குழுவினர் பால்டிமோரில் 61 பேரைக் கொண்டு நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோய் கண்டு நெடுநாளானவர்களும் வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாற்பது நிமிஷம்வரை, ஆறு மாதம் பட்டையின்மேல் நடந்து, நடைத்திறனோடு உடலின் உழைக்கும் சக்தியையும் பெருக்கிக்கொண்டனர். மறுபடி பாரிசவாதம் வராமல் காக்க வேண்டியவர்களுக்கு இது சிறிய விஷயமன்று. ஆனால் இரத்த அழுத்தம், நாடி, இதயத்தின் நிலை இவற்றை வைத்தியர் சோதித்து அநுமதித்த பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும். மார்புவலி, தலைசுற்றல், மிகுந்த மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். தாங்குகயிறும் பயிற்சி பெற்றவரின் துணையும் இன்றி, வீட்டில் வாங்கிவைத்த டிரெட்மில்லில் நோயாளி தாமே ஏறுவது அபாயகரமானது.

ஆகவே சாதனம் உள்ள இடத்தில், சில அடிகளாவது எடுத்துவைக்கக் கூடியவர் அதைத் தயங்காமல் பயன்படுத்தட்டும்; சாதனம் இல்லாத ஊரில் இருப்பவர், தமக்குரிய நல்வாய்ப்பு கைநழுவிற்றென்று மனம் சோர வேண்டுவதில்லை. லீப்ஸ் ஆராய்ச்சியின் மூன்று குழுக்களுக்கும் பொதுவாக இருந்தவை, தேர்ந்த ஒருவரின் வழிகாட்டுதலும், நாளுக்கு நாள் சிறிது கடினமாக்கப்பட்ட பயிற்சியும், பல வாரங்கள் இடைவிடாத பிரயத்தனமுமே. நோயாளிக்காகச் செலவிட நினைக்கும் குடும்பமும், மருத்துவமனைக்குத் திட்டமிடும் அரசாங்கமும் இயந்திரத்தை வாங்குமுன், நல்ல பிசியோதெரபிஸ்ட்டின் நேரம் நோயாளிக்குப் போதிய அளவு கிடைக்க வழிசெய்ய வேண்டும். அந்த நேரத்தை இரண்டு மூன்று வாரங்களோடு சுருக்கிவிட்டு, நடை திரும்பவில்லை என்று விதியை நோவது நியாயமாகாது.