தீயில் அல்ல, தணலில்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அர்ஜெண்டினா நாட்டின் தலைநகரான பியூனஸ் அயர்ஸ் தெருக்களில் நடந்தால், கறி சுடும் வாசனை மூக்கைத் துளைக்கும். கொல்லையிலும் மொட்டை மாடியிலும் புகை எழும்பும்.

இந்த விருந்துக்கு "அசாடோ" என்று பெயர். சுட்ட மாட்டுக் கறிக்கும் அதே பெயர்தான்!

எறிந்த கறி

தென் அமெரிக்காவில் ஆதியில் மாடு கிடையாது. 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டவர்கள் கப்பலில் கொண்டு வந்தார்கள். "பம்பாஸ்" என்ற பரந்த புல்வெளியில் அவை பல்கிப் பெருகின. குதிரை ஏறி மாடு பிடிக்கும் "கௌச்சோ"க்கள் அவற்றைத் தோலுக்காக வெட்டினார்கள். வேண்டிய கறியை வெட்டவெளியில் சுட்டுத் தின்றார்கள். மீதியை எறிந்தார்கள்!

1876-ம் ஆண்டு பிரான்சிலிருந்து ஒரு கப்பல், குளிர் அறையில் கறியை வைத்து, பியூனஸ் அயர்சுக்கு வந்து சேர்ந்தது. கறி கடல் கடக்கும் என்று தெரிந்தது. எறிந்த கறிக்கு விலை வந்தது.

அவசரம் ஆகாது

வீட்டில் சுடுவது எப்படி என்கிறீர்களா?

கட்டையையோ கரியையோ ஒரு பக்கமாக எரிய விடுகிறார்கள். தீ அடங்கித் தணல் ஆனதும், கொஞ்சம் கொஞ்சமாக வாரி இரும்புக் கம்பித் தட்டிக்கு அடியில் பரப்புகிறார்கள். எரியும் தீயில் கறியை வைத்தால் வெளியே கருகும். உள்ளே பச்சையாக இருக்கும்.

சூட்டை அறியக் கையே கருவி. தட்டிக்கு மேலே உள்ளங்கையை நீட்டி எண்ணுகிறார்கள். ஐந்தாறு எண்ணுவதற்குள் கை சுட்டால், "ஸ்டீக்" எனப்படும் தடித்த கறித் துண்டுக்குச் சரியான சூடு. விலா எலும்புக் கறிக்கு இன்னும் மெதுவான தணல் வேண்டும். எலும்புப் பக்கத்தைக் கீழே வைத்து, இரண்டு மணி நேரம் வரை காத்திருப்பார்கள். மசாலா கிடையாது. கல் உப்பு ஒன்றே போதும்!

வீட்டுச் சாஸ்

சுட்ட கறிக்குத் துணை, "சிமிச்சுர்ரி" என்ற சாஸ். இது நம் துவையல் போல் அரைப்பது அல்ல, நறுக்கிக் கலப்பது.

கொத்துமல்லித் தழையைப் போல் இருக்கும் பார்ஸ்லி கீரையையும், நாலைந்து பூண்டுப் பற்களையும் பொடியாக நறுக்குகிறார்கள். "ஓரிகனோ" என்ற காய்ந்த இலையையும், இடித்த மிளகாய் வற்றலையும் சேர்க்கிறார்கள். வெந்நீரில் உப்பைக் கரைத்து ஊற்றி, ஆறிய பின் வினிகரும் எண்ணெயும் விடுகிறார்கள். சில மணி நேரம் ஊறினால் சாஸ் தயார்!

வெங்காயம், தக்காளி, குடமிளகாய் மூன்றையும் நறுக்கி, வினிகரும் எண்ணெயும் விட்டுக் கலக்கும் சாசும் உண்டு.

விலை ஏறியது

1950-களில் அர்ஜெண்டினாவில் ஒருவர் ஆண்டுக்கு 80 கிலோவுக்கு மேல் மாட்டுக் கறி சாப்பிட்டார். 2024-ம் ஆண்டில் அது 50 கிலோவுக்கும் கீழே இறங்கிவிட்டது. 2023-ம் ஆண்டு ஒரே வருடத்தில் விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் ஆனது. சாதாரணக் குடும்பத்தால் என்ன செய்ய முடியும்?

ஆனாலும் அடுப்பு அணையவில்லை. ஸ்டீக் இருந்த இடத்தில் மலிவான துண்டு வந்தது. கோழியும் பன்றிக் கறியும் பக்கத்தில் ஏறின. மலிவான கறி கடினமாக இருக்கும். ஆனால் மெல்லிய தணலில் நேரம் கொடுத்தால் அதுவும் பூப்போல் வெந்துவிடும். பொறுமைக்குக் காசு இல்லையே!

சாப்பாடு முடிவதற்குள் யாராவது ஒருவர், "சுட்டவருக்கு ஒரு கைதட்டு!" என்று குரல் கொடுப்பார். குழந்தை முதல் கிழவர் வரை எல்லாரும் கை தட்டுவார்கள். காலையிலிருந்து தணல் அருகே நின்றவருக்கு அதுதான் கூலி!