காலாண்டு லீவுல எழும்பூர் மியூசியம் போறீங்களா? இதைத் தெரிஞ்சுக்கோங்க!

காலாண்டு விடுமுறையில் குழந்தைகளை எங்கே கூட்டிட்டுப் போறதுன்னு யோசிக்கும் சென்னைவாசிகளுக்கு நல்ல சாய்ஸ், 1851-ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகம்.

என்ன பார்க்கலாம்?

திருவாலங்காடு நடராஜர், திருவெண்காடு அர்த்தநாரீஸ்வரர் வெண்கலச் சிலைகள், அமராவதி சிற்பங்கள். குட்டீஸ்களுக்கு திமிங்கல எலும்புக்கூடு, சிறுவர் அருங்காட்சியகம்.

எப்போ போகலாம்?

காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை. வெள்ளிக்கிழமை விடுமுறை. காந்தி ஜெயந்திக்கு ஸ்கூல் லீவுதானேன்னு அக்டோபர் 2-ல் கிளம்பிடாதீங்க. தேசிய விடுமுறை என்பதால் அன்றும் மியூசியம் திறந்திருக்காது.

எப்படிப் பார்க்கலாம்?

பல கட்டிடங்கள் இருப்பதால் அவசரப்பட்டால் குழந்தைகள் சோர்ந்துடுவாங்க. இரண்டு கூடங்கள் போதும். பிடித்த சிலையை நோட்டில் வரையச் சொல்லுங்க. நவராத்திரிக்கு வீட்டுக் கொலுவில் அந்தப் படத்தையும் வைக்கலாம்!