சுரைக்கொடியும் அதன் கசப்பும்

சந்தைக்குப் போகும் உம்மாமார் வெண்டிக்காயையும் கத்தரிக்காயையும் பொறுக்கி எடுத்த பிறகு, பையில் இடமிருந்தால் ஒரு சுரைக்காயையும் வாங்குவார்கள். விலை குறைவு, ருசியும் குறைவு என்பது பலரின் எண்ணம். வெறும் தண்ணீர்க்காய் என்று ஒதுக்குவோரும் உண்டு. அது முற்றிலும் பொய்யல்ல. சுரைக்காயின் சதையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். ஆனால் மனிதன் வளர்த்த பயிர்களுள் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. அவன் முதன்முதலில் இதைத் தேடிப் போனது தின்பதற்காக அல்ல என்பதுதான் இதன் கதையில் சுவையான இடம்.

லஜெனேரியா சிசெரேரியா என்பது இதன் தாவரவியற் பெயர். பூசணி, பாகல், பீர்க்கு, புடோல் எல்லாம் சேர்ந்த குக்குர்பிற்றேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. லஜெனேரியா என்ற சாதியில் அறியப்பட்டவை ஆறு இனங்கள். மற்ற ஐந்தும் ஆபிரிக்கக் கண்டத்திலும் மடகஸ்காரிலும் காட்டுக்கொடிகளாகவே இன்றும் படர்ந்து கிடக்கின்றன. நமது சுரையின் காட்டு வடிவமும் சிம்பாப்வேயில் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே தாயகம் ஆபிரிக்கா என்பதில் தாவரவியலாளர்களுக்கிடையே பெரிய சர்ச்சை இல்லை.

சர்ச்சை வேறோர் இடத்தில் எழுந்தது. கொலம்பஸ் அமெரிக்காவை அடைவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ளவர்கள் சுரைக்குடுவையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆபிரிக்கக் கொடி அங்கே போய்ச் சேர்ந்தது எப்படி? ஆசியாவிலிருந்து குடியேறிய மக்கள் கையோடு கொண்டு போனார்கள் என்று 2005ஆம் ஆண்டு வெளியான ஒரு மரபணு ஆய்வு சொன்னது. இன்னும் விரிவான மரபணுத் தகவல்களை வைத்து 2014இல் வெளியான ஆய்வோ, அமெரிக்கப் பழஞ்சுரைகள் ஆபிரிக்கச் சுரைகளுக்கே நெருங்கியவை, அவை அத்திலாந்திக் சமுத்திரத்தில் தாமே மிதந்து போயிருக்க வேண்டும் என்றது. முற்றிக் காய்ந்த சுரைக்காய் கடல்நீரில் பல மாதங்கள் மிதந்தாலும் உள்ளேயிருக்கும் விதை முளைக்கும் திறனை இழப்பதில்லை. இது பரிசோதித்து அறியப்பட்ட விடயம். ஓடும் படகும் ஒன்றாக அமைந்த காய் இது.

அந்த ஓடுதான் ஆதி மனிதனைக் கவர்ந்தது. மட்பாண்டம் செய்யத் தெரியாத காலத்தில் தண்ணீர் எடுத்துப் போக ஒரு பாத்திரம் கொடியிலேயே காய்த்துத் தொங்கினால் எப்படியிருந்திருக்கும்! சதையோ, வாயில் வைக்க முடியாத கசப்பு. குக்குர்பிற்றசின் என்ற பொருள்தான் அந்தக் கசப்புக்குக் காரணம். இலையையும் காயையும் பூச்சிகளும் மிருகங்களும் தின்றுவிடாமல் கொடி தனக்குத்தானே வைத்துக்கொண்ட காவல் அது. முதலில் குடுவைக்காகவே வளர்த்தார்கள், கசப்பில்லாத கொடிகளைப் பார்த்துப் பார்த்து விதை எடுத்துக் கறிச்சுரையாக்கியது பிறகு நடந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கசப்பு இந்தக் கொடிக்கு வந்த நோயல்ல. அதன் பிறவிக் குணம்.

ஆபிரிக்காவில் இன்றும் சுரை முதலில் பாத்திரம், பிறகுதான் கறி. கென்யாவின் கலெஞ்சின் மக்கள் சுரைக்குடுவையின் உட்புறத்தில் ஒருவகைச் செடியின் கரியைத் தேய்த்து, அதில் பாலை ஊற்றிப் புளிக்கவைத்து 'முர்சிக்' என்னும் பானம் தயாரிக்கிறார்கள். மேற்கு ஆபிரிக்காவின் ஃபுலானிப் பெண்கள் பாலையும் தயிரையும் அரைச்சுரை ஓட்டில் நிரப்பித் தலையில் சுமந்து சந்தைக்குப் போவார்கள். மாலி, செனகல், கம்பியா, கினி நாடுகளில் வாழும் மண்டிங்கா மக்களின் கோரா என்ற இசைக்கருவி, பாதியாக வெட்டிய பெருஞ்சுரை ஓட்டில் மாட்டுத்தோல் போர்த்தி இருபத்தொரு நரம்புகள் பூட்டியது. நைஜீரியாவின் கெப்பி மாநிலத்து ஆர்குங்கு மீன்பிடி விழாவில் ஆயிரக்கணக்கானோர் ஒரு கையில் வலையும் மறு கையில் மிதப்பாகப் பெருஞ்சுரைக்குடுக்கையுமாக ஆற்றில் பாய்வார்கள். நெடுங்காலம் பகைத்திருந்த ஆர்குங்குவும் சொக்கோட்டோவும் சமாதானமானதைக் கொண்டாட 1934இல் தொடங்கிய விழா அது. 2016இல் யுனெஸ்கோ அதனைத் தன் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. சமையலிலும் ஆபிரிக்கர் நம்மைவிடச் சிக்கனம். தளிரும் இலையும் கீரையாகின்றன. மேற்கு ஆபிரிக்காவில் சில சுரை வகைகளின் விதைகளையே அரைத்துக் குழம்பைத் தடிப்பாக்குவார்கள்.

அரபு மண்ணிலும் சுரை கறியாகவும் குடுவையாகவும் இருந்தது. அரபியில் அது 'துப்பாஉ'. ஒரு தையற்காரர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்து, வாற்கோதுமை ரொட்டியும் சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட ஆணமும் வைத்ததையும், நபியவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைத் துண்டுகளைத் தேடி எடுத்து உண்டதையும் கூட இருந்து கண்ட அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அன்று முதல் தமக்கும் சுரைக்காய் பிரியமாகிவிட்டது என்றும் சொல்கிறார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது. மீன் வயிற்றிலிருந்து கரையில் எறியப்பட்ட யூனுஸ் (அலை) அவர்கள் மீது அல்லாஹ் முளைக்கச் செய்ததாக ஸூரா அஸ்ஸாஃப்பாத் கூறும் 'யக்தீன்' கொடியும் சுரையே என்பது முஃபஸ்ஸிர்கள் பலரின் விளக்கம். தண்டு நிமிராத எந்தக் கொடியையும் அச்சொல் குறிக்கும் என்போரும் உள்ளனர். சுரையின் அகன்ற இலையைப் பார்த்தவர்களுக்கு, நோயுற்ற உடம்புக்கு அது எத்தகைய நிழல் என்பது விளங்கும்.

குடுவை பற்றியும் ஹதீஸ் உண்டு. அப்துல் கைஸ் கோத்திரத்தார் வந்தபோது, பானம் ஊறவைக்கக் கூடாதென்று நபியவர்கள் தடுத்த நான்கு வகைப் பாத்திரங்களுள் சுரைக்குடுவையும் ஒன்று. அவற்றில் ஊறவைத்த பேரீச்சம்பழப் பானம் விரைவில் புளித்துப் போதையாகிவிடும். பிற்காலத்தில், போதை தருவதைக் குடிக்காதீர்கள் என்ற கட்டளையோடு பாத்திரங்களின் மீதிருந்த தடை நீக்கப்பட்டது. குற்றம் பாத்திரத்திலல்ல, உள்ளே நடப்பதில் என்பதை இது காட்டுகிறது. கலெஞ்சினரின் பால் குடுவையில் புளிப்பதும் அதே நொதித்தலின் இன்னொரு வகைதான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆகவே வளவுக்குப் போவோம்.

சுரை விதையின் தோல் தடித்தது. ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து நட்டால் சீக்கிரம் முளைக்கும். ஒன்றரை முழ அகலக் குழி தோண்டி, மேல்மண்ணோடு மக்கிய சாணப் பசளையோ கூட்டெருவோ கலந்து நிரப்பி, குழிக்கு மூன்று நான்கு விதை நட்டு, முளைத்த பின் வலிய இரண்டை விட்டுவிடலாம். குழிக்குக் குழி இரண்டு மீற்றராவது இடைவெளி வேண்டும். இந்தக் கொடி அயல்வீட்டு வேலியையும் தனதென்றே நினைக்கும். மாரியில் தண்ணீர் தேங்கும் வளவுகளில் மண்ணை மேடாக்கி நடவேண்டும். வேர் அழுகினால் மீட்க முடியாது. தரையில் படரவிட்டாலும் காய்க்கும் என்றாலும் பந்தலில் தொங்கும் காய்தான் நேராகவும் மண் படாமலும் வளரும்.

நன்றாகப் பூக்கிறது, காய் மட்டும் இல்லை என்பதுதான் புதிதாக நடுவோரின் வழக்கமான முறைப்பாடு. சுரையில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வரும். நீண்ட காம்பில் வெறும் பூவாக நிற்பது ஆண். பூவுக்கடியில் பஞ்சு போர்த்திய சிறு காயோடு வருவது பெண். தலைக்கொடியில் வருவன பெரும்பாலும் ஆண்பூக்கள். கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். பெண்பூக்கள் அவற்றில்தான் அதிகம். இன்னொன்று, பூசணிப்பூ காலையில் விரியும். சுரைப்பூவோ வெள்ளை நிறம், அந்தி சாயும் வேளையில் விரியும். அந்துப்பூச்சிகளை அழைக்கும் பூ அது. அவை வராத இடங்களில் மஃரிபை ஒட்டிய நேரத்தில் ஓர் ஆண்பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் குறியில் மெதுவாகத் தடவினால் போதும். உயிரியல் பாடத்தில் மகரந்தச்சேர்க்கை படிக்கும் மாணவிகளுக்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது.

இளம் பயிரின் இலையைச் செம்மஞ்சள் நிற வண்டு அரிக்கும். காலையில் அது சோம்பியிருக்கும்போது கையால் பிடித்து அழிக்கலாம். பிஞ்சைக் குத்தி முட்டையிடும் பழ ஈதான் பெரிய எதிரி. பிஞ்சு விரல் அளவாகும்போதே கடதாசிப் பையால் மூடிக் கட்டிவிடுவது மருந்தடிப்பதைவிட நல்லது. பூ கருவுற்று ஏறக்குறைய இரண்டு வாரத்தில் காய் கறிக்கு ஆகும். நகம் இலகுவாக இறங்கினால் பறித்துவிடுங்கள். பாலாணம் வைப்பதானால் பச்சைமிளகாய், வெங்காயம், மஞ்சள், வெந்தயம், ரம்பை, கொஞ்சம் மாசித்தூள் போதும். சுரைக்காய் தானே தண்ணீர் விடும் என்பதால் தேங்காய்ப்பாலைக் கடைசியில் கெட்டியாக ஊற்றுவது நல்லது.

ஆனால் சட்டியில் போடுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. நறுக்கியதும் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். பாகற்காயின் கசப்பும் இதுவும் ஒன்றல்ல. பாகலின் கசப்பைப் பழகி உண்கிறோம். சுரைக்காயின் கசப்பு என்றால் பழைய குக்குர்பிற்றசின் திரும்பி வந்திருக்கிறது என்று அர்த்தம். சமைத்தாலும் அது முழுதாக அழியாது, உப்பும் தேங்காய்ப்பாலும் அதை மறைக்கத்தான் செய்யும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், காலையில் வெறும் வயிற்றில் பச்சைச் சுரைக்காய்ச் சாறு குடித்தால் சீனி வருத்தமும் இரத்த அழுத்தமும் குறையும் என்ற பேச்சு நம் வீடுகளிலும் பரவியிருப்பதுதான். இந்தியாவில் இப்பழக்கம் பெருகியிருந்தபோது, 2010இல் தில்லியில் ஒரு விஞ்ஞானி கசந்த சுரைச்சாற்றைப் பாகற்சாற்றோடு கலந்து குடித்து உயிரிழந்தார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிபுணர் குழு அமைத்து இத்தகைய சம்பவங்களை ஆராய்ந்தது. கசந்த சாற்றைக் குடித்தவர்களுக்கு வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம் ஏற்பட்டன. சிலர் இரத்த வாந்தி எடுத்தார்கள், இரத்த அழுத்தம் சரிந்தது. முறிமருந்து என்று தனியாக எதுவும் இல்லை. சாறெடுக்கும் முன் துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் குடிக்காதீர்கள், வேறு சாற்றோடு கலக்காதீர்கள், குடித்த பின் ஏதும் செய்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போங்கள் என்பது அக்குழுவின் அறிவுரை. கலக்காதீர்கள் என்பதன் காரணம் தெளிவு. பாகற்சாற்றோடு சேர்ந்தால் எந்தக் கசப்பு எதனுடையதென்று நாக்குக்குத் தெரியாது. மருந்து கசக்கத்தான் செய்யும் என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும் நம் மூத்தம்மாமாருக்கு இதை எடுத்துச் சொல்வது பேத்திகளின் பொறுப்பு. என் கருத்தைக் கேட்டால், சுரைக்காயைக் கறியாகச் சாப்பிடுவதே போதும். வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிட்டுச் சாறு குடிப்பது எந்த வகையிலும் புத்தியல்ல.

பாகற்கொடிக்குப் பக்கத்தில் நட்டால் சுரை கசக்கும் என்பது வெறும் நம்பிக்கை. இரண்டும் வெவ்வேறு சாதிகள், கலக்காது. கசப்பான சுரையோடு கறிச்சுரை கலப்பதே உண்மையான ஆபத்து. அப்படிக் கலந்தாலும் இந்த வருடத்துக் காய் மாறாது, ஏனெனில் சதை தாய்க்கொடியினுடையது. கலப்பு விதைக்குள் இருந்து அடுத்த தலைமுறையில் வெளிப்படும். கடும் வரட்சியும் வெப்பமும்கூடக் கசப்பைக் கூட்டலாம். எனவே அழகுக்காகக் குடுவைச்சுரை வளர்ப்பவர்கள் அதன் அருகில் நின்ற கறிச்சுரையிலிருந்து விதை எடுக்கவேண்டாம். விதைக்கென்று விடும் காயைச் சுவைத்துப் பார்க்க முடியாது என்பதால், அதே கொடியின் மற்றக் காய்கள் கசக்காதவை என்று உறுதியான பின்னரே ஒன்றை முற்றவிடவேண்டும்.

குடுவை செய்ய விரும்புவோர் காம்பு காயும்வரை காயைக் கொடியிலேயே விட்டு, பின் காற்றோட்டமான நிழலில் தொங்கவிடவேண்டும். வெளித்தோலில் பூஞ்சணம் படரும். பயந்து எறிந்துவிடாதீர்கள், அது காய்வதன் ஒரு பகுதி. வாரங்கள் சில, பெருங்காயானால் மாதங்கள் சில கழித்து, ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும். அப்போது தண்ணீரில் நனைத்து மேல்தோலைச் சுரண்டி, கழுத்தில் துளையிட்டு, விதையையும் காய்ந்த சதையையும் நீண்ட கம்பியால் கிண்டி எடுக்கலாம். அந்தத் தூள் மூக்கில் ஏறினால் தும்மலும் கசப்பும் சேர்ந்து வரும், மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பூந்தாழியாகவோ அலங்காரமாகவோ வைப்பதானால் அத்தோடு வேலை முடிந்தது. தண்ணீர் குடிக்க விரும்பினால் நிரப்பி ஒருநாள் வைத்து ஊற்றிவிட்டு, மறுபடி நிரப்பி ஊற்றி, ஊற்றும் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசப்பு முற்றாக நின்ற பிறகே குடிக்கவேண்டும்.