பாலம் ஏன் சிவந்தது?

பிரான்ஸ் நாட்டின் ஜிவெர்னி என்ற ஊரில், ஓவியர் க்ளோத் மோனே வளர்த்த தோட்டம் இருக்கிறது. அங்கே ஓர் அல்லிக்குளம். அதன்மேல் வளைந்த மரப்பாலம். 1899இல் அவர் வரைந்த பாலத்தைப் பாருங்கள்: எங்கும் குளிர்ச்சியான பச்சையும் நீலமும். 1918க்குப் பிறகு வரைந்த படங்களில் அதே பாலம் சிவப்பும் பழுப்புமாகக் கொழுந்துவிட்டு எரிகிறது. பாலம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது!

மாறியது அவருடைய கண். 1912இல் மருத்துவர்கள் அவருக்கு இரு கண்களிலும் கண்புரை என்று சொன்னார்கள். நம் கண்ணுக்குள் தெளிவான லென்ஸ் ஒன்று உண்டு. வயதாக ஆக அது கலங்கி, மஞ்சளாகி, பழுப்பாகிறது. மஞ்சள் லென்ஸ் நீல ஒளியைத் தடுத்துவிடும். அதனால் நீலப் பொருள்கள் மங்கிக் கறுத்துத் தெரியும். எந்த வண்ணம் எது என்று தெரியாமல், குழாயில் ஒட்டியிருந்த பெயரைப் படித்துத்தான் மோனே வண்ணம் எடுத்தார்.

இங்கே ஒரு புதிர். குளத்தைப் பார்த்த அதே மஞ்சள் கண்தானே படத்தையும் பார்த்தது? அப்படியானால் குளத்தில் மறைந்த நீலம் படத்திலும் மறைந்திருக்கும். இரண்டும் அவருக்குப் பொருந்தித் தெரிந்திருக்கும். பிறகு ஏன் படம் இவ்வளவு சிவந்தது? வண்ணங்களைப் பிரித்தறிய முடியாமல் போனதாலா, அல்லது அவரே விரும்பித் தீட்டினாரா? இன்னும் விவாதம் நடக்கிறது. எனக்கு இந்தப் படங்களைத் தவறு என்று சொல்ல மனம் வரவில்லை. கலங்கிய கண்ணோடும் ஒருவர் விடாமல் பார்த்ததன் பதிவு அவை.

1923இல் வலது கண்ணில் அறுவை சிகிச்சை செய்து லென்ஸை எடுத்துவிட்டார்கள். உள்ளே புது லென்ஸ் வைக்கும் முறை அப்போது கிடையாது. தடுப்பு போனதும் நீலம் வெள்ளமாக உள்ளே வந்தது. உலகமே நீலமாகத் தெரிகிறது என்று மோனே தவித்தார். நிறம் பூசிய கண்ணாடி போட்ட பிறகே ஓரளவு சரியானது. சில பழைய படங்களைத் திருத்தினார், சிலவற்றை அழித்தும்விட்டார். தப்பிய சிவப்புப் பாலங்களைப் பாரிஸின் மார்மோத்தான் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

நீங்களும் செய்து பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிவதை ஒருமுறை வண்ணம் தீட்டி வரையுங்கள். பிறகு மஞ்சள் கண்ணாடித்தாளைக் கண்முன் பிடித்துக்கொண்டு, வண்ணப் பென்சில்களின் பெயரைப் பார்க்காமல் அதையே மறுபடி வரையுங்கள். ரப்பரைத் தொடாதீர்கள். தாளை எடுத்துவிட்டு இரண்டு படங்களையும் ஒப்பிடுங்கள்: வானத்துக்கு எந்தப் பென்சிலை எடுத்திருக்கிறீர்கள்?